இடது கைப் பிடிகள்

கதவு அனியெல்லோவின் வலது காலணியை நசுக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கமிருந்து தம்பி மனைவி எர்மினியா தள்ளினாள். இந்தப் பக்கமிருந்து அவர் தள்ளவில்லை. காலை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தார். சாவு வீட்டுக் கதவை முட்டித் திறப்பது அசிங்கம் என்று அவருக்குத் தெரியும். காலை எடுத்துவிட்டால் தம்பியின் முகத்தை இனி எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது என்பதும் தெரியும்.

"கால எடுங்க."

"ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன், எர்மினியா."

"உசுரோட இருக்கறப்ப பாக்காத மூஞ்சிய இப்ப என்னத்துக்குப் பாக்கணும்? நெஜமாவே செத்துட்டானான்னு உறுதி பண்ணிக்கவா?"

உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அழுகையைவிட வாசலில் நடப்பது சுவாரசியமாக இருந்தது போலும். கீழே இரண்டு மாடிப் படிகளிலும் கறுப்பு உடுத்திய கூட்டம் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தது. அனியெல்லோ குரலைத் தாழ்த்தினார்.

"நான் அவனுக்கு அண்ணன். தலைமாட்டுல தோள் குடுக்க வேண்டியவன். அத மட்டுமாவது விடு."

"தோள் குடுக்கணுமா? தாராளமா குடுங்க." எர்மினியா குரலைத் தாழ்த்தவில்லை. "அதுக்கு முன்னால இந்தப் படியிலயே நின்னு, ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுங்க. அந்தக் கையுறைய உள்பக்கம் வெளியா மறிச்சது நான்தான், என் தம்பி இல்லன்னு சொல்லுங்க. சொல்லிட்டு உள்ள வாங்க. இல்லன்னா ஒரு பக்கம் என் மகன் புடிப்பான், இன்னொரு பக்கம் மீன்காரன் புடிப்பான்."

"மீன்காரனா?"

"அவன் கைல மீன் வாடை மட்டுந்தான் இருக்கு."

"நான் மறிக்கல, எர்மினியா. சத்தியமா நான் மறிக்கல."

"அப்ப கால எடுங்க."

அனியெல்லோ காலை எடுத்தார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உடனே உள்ளே அழுகையும் தொடங்கிவிட்டது.

படியிறங்கும்போது யாரும் அவருக்கு வழிவிடவில்லை. தோளை ஒடுக்கிக்கொண்டு, சுவரை உரசிக்கொண்டு இறங்கினார். தம்பி லிபோரியோ இறந்துபோன செய்தியே அவருக்கு நாவிதன் வாயால்தான் வந்தது, பாதி முகம் மழித்திருந்தபோது. மீதி முகத்தையும் மழித்துக்கொண்டுதான் எழுந்தார். அதையும் யாரோ பார்த்து இங்கே வந்து சொல்லியிருந்தார்கள். நேப்பிள்ஸில் அந்தத் தெருவைப் பொறுத்தவரை, உடன்பிறந்தவன் பெட்டிக்குத் தலைமாட்டில் தோள் கொடுக்காதவன் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அண்ணனும் தம்பியும் வாள்வீச்சு வாள்களுக்கு மரப்பிடி செய்கிறவர்கள். அலகு எந்த ஊரிலிருந்தும் வரலாம். பிடி மட்டும் பிடிக்கிறவனின் கைக்கு என்றே பிறக்க வேண்டும். கட்டைவிரல் எங்கே உட்காரும், சுண்டுவிரல் எங்கே சுருளும் என்று பார்த்துப் பார்த்து மரத்தைக் குடைந்து வடிவம் கொடுப்பது அனியெல்லோ. அதன் மேல் திராட்சைக்கொடி, மீன் செதில், கடற்குதிரை என்று செதுக்கி மினுக்குவது லிபோரியோ. நேரில் வருகிறவர்கள் மெழுகு உருண்டையைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். தொலைவில் இருப்பவர்கள் வாள் பிடித்துப் பழகிய பழைய கையுறை ஒன்றை அனுப்பிவைப்பார்கள். அதற்குள் சுண்ணாம்புச் சாந்தைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உறையைக் கிழித்தெடுத்தால் ஆளின் கையே மேசைமேல் எழுந்து நிற்கும். அதைப் பார்த்துப் பிடி செய்வார்கள்.

போருக்கு முன்னால் பலெர்மோவிலிருந்து ஒரு பிரபு அப்படித்தான் ஒரு கையுறை அனுப்பினார். மெல்லிய சாம்பல் நிற ஆட்டுத்தோல். எது உள், எது வெளி என்று கையுறைக்காரனே யோசிக்கிற மாதிரியான பழசு. சாயங்காலம் பொட்டலத்தைப் பிரித்தவர் அனியெல்லோ. மறுநாள் காலை சாந்து ஊற்றியவர் லிபோரியோ. எழுந்து நின்றது இடது கை. பிரபு இடது கைக்காரர் போலிருக்கிறது என்று இரண்டு பேரும் மகிழ்ந்துகூடப் போனார்கள், வாள்வீச்சில் இடது கைக்காரனுக்கு மவுசு அதிகம். ஆலிவ் வேரில் ஒரு பெட்டி நிறையப் பிடிகள். கடற்குதிரைகள் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு ஓடுகிற வேலைப்பாடு. அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் அவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை.

பிரபு தம் மாளிகையில் விருந்தாளிகள் முன்னிலையில் பெட்டியைத் திறந்தார். ஒரு பிடியைக்கூட அவரால் பிடிக்க முடியவில்லை. அவர் வலது கைக்காரர். வலது கை உறையை உள்ளை வெளியாக மறித்தால் அது இடது கைக்கு உறையாகிவிடும்; யாரோ மறித்திருக்கிறார்கள். பிடிகள் கோடரியால் பிளக்கப்பட்டு அதே பெட்டியில் திரும்பி வந்தன. பெட்டி வந்து சேரும் முன்பே சிரிப்பு வந்து சேர்ந்துவிட்டது. ஊரிலுள்ள வாள்வீச்சுக் கூடங்கள் எல்லாவற்றிலும் அவர்களுக்கு 'இடது கைச் சகோதரர்கள்' என்று பெயர்.

நீ மறித்தாய், நான் இல்லை. நான் இல்லை, நீ. வேலைக்கூடத்தில் வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே அனியெல்லோ தம்பியைக் கன்னத்தில் அறைந்தார். அன்றோடு சரி. அவர் அடுத்த தெருவுக்குப் போய்த் தனியாகக் கடை போட்டார். போரில் குண்டு விழுந்த நாட்களில் ஊரே பாறைக்குகைகளுக்குள் ஓடி ஒளிந்தது. அங்கேயும் இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். விழுகிற குண்டு தம்பி இருந்த மூலையில் விழட்டும் என்று அனியெல்லோ வேண்டிக்கொண்டதுண்டு. சத்தம் கேட்டதும் பதறிப்போய் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்ததும் உண்டு.

ஆரம்பத்தில் லிபோரியோவும் சும்மா இருக்கவில்லை. மதுக்கடையில், சந்தையில், மாதா கோயில் வாசலில் என்று எங்கே பார்த்தாலும் அண்ணனைக் கிழித்தார். பிறகு ஒரு வேனிற்காலத்தில் அப்படியே அடங்கிப்போனார். யார் சீண்டினாலும் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். குற்றமுள்ள நெஞ்சு, ஒப்புக்கொண்டுவிட்டான் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. வேலையெல்லாம் அனியெல்லோவின் கடைக்குத் திரும்பியது. அவருக்கும் அந்தத் தீர்ப்பு இனிக்கத்தான் செய்தது.

முற்றத்தில் பிணவண்டி வந்து நின்றிருந்தது. கறுப்புக் குதிரைகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிற்காரி நுன்ஸியா தட்டு நிறையக் காப்பிக் கிண்ணங்களோடு ஒவ்வொருவரிடமும் போனாள். அனியெல்லோ கையை நீட்டினார். தட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது.

"எனக்கு?"

"இது சாவு வீட்டுக்காரங்களுக்கு," என்றாள் நுன்ஸியா திரும்பாமலே.

வாள்வீச்சு வாத்தியார் ஸ்பினெல்லி சீடப்பிள்ளைகள் சிலரோடு வந்து சேர்ந்தார். பெட்டிமேல் வைப்பதற்காக ஒரு வாளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அனியெல்லோவின் கடைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி அவருடைய கூடத்திலிருந்து வருவதுதான்.

"என்ன அனியெல்லோ, மேல இல்லாம இங்க நிக்கறீங்க?"

"மேல எடம் பத்தல, வாத்தியாரே."

சீடன் ஒருவன் செருமுவது போல் சிரித்தான். ஸ்பினெல்லி துணியை விலக்கிப் பிடியைக் காட்டினார். பேரிக்காய் மரம், அதன் மேல் ஒரு கொடி. லிபோரியோவின் கொடியில் ஒவ்வொரு இலையும் காற்றில் புரண்டிருக்கும்.

"செத்தவனப் பத்திச் சொல்லக் கூடாது. ஆனா அந்த ஒரு தப்ப மட்டும் பண்ணாம இருந்திருந்தார்னா, இந்தக் கைக்கு இத்தாலியிலயே ஜோடி கெடையாது."

"அவன் தப்புதான்," என்றார் அனியெல்லோ. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய வார்த்தைகள், தாமாகவே வந்துவிட்டன. சொன்ன பிறகு வாய் கசந்தது. வாத்தியார் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

நுன்ஸியா காப்பித் தட்டை வைத்துவிட்டு மேலேயிருந்து முற்றத்துக்குக் குறுக்கே போகும் கொடிக்கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள். உருளை கிறீச்சிட்டது. சாவு வீட்டுத் துணி வெளியே தொங்கக் கூடாது. பெட்டி இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

"கைய கட்டிக்கிட்டு நிக்கறதுக்கு இதையாவது புடிங்க," என்று துணிகளை உருவி உருவி அனியெல்லோவின் கைகளில் போட்டாள்.

எல்லாம் லிபோரியோவின் துணிகள். சட்டைகள், காலுறைகள், வேலை செய்யும்போது கட்டிக்கொள்ளும் முன்மறைப்பு. நோயில் விழுவதற்கு முன் கடைசியாக உடுத்தியவையாக இருக்கும். அனியெல்லோ முற்றத்து ஓரக் கல்லில் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினார். வேலையில்லாமல் அவர் கை இருந்ததே இல்லை. முதல் சட்டை உட்பக்கம் வெளியாக இருந்தது. கைக்குள் கையை விட்டு இழுத்து நேராக்கினார். அடுத்ததும் அப்படியே. காலுறையும் அப்படியே. முன்மறைப்பின் பைகூட நாக்கைத் துருத்துவது போல வெளியே இழுத்துவிடப்பட்டிருந்தது.

"என்ன இது, எல்லாம் மறிஞ்சு கெடக்கு?"

"எர்மினியா அப்படித்தான். வெயில்ல சாயம் போயிடுமாம். எதத் துவைச்சாலும் மறிச்சுத்தான் காயப்போடுவா. மனுசனைத் துவைச்சாக்கூட மறிச்சுத்தான் போடுவா."

"எப்பலேருந்து?"

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து. இதே வீட்ல வருசக்கணக்கா சோறு தின்னீங்களே, தெரியாதா? ம்... ஆம்பளைங்க எங்க கொடியப் பாக்கறீங்க?"

காலுறைக்குள் விட்ட கை உள்ளேயே இருந்துவிட்டது.

அந்தக் கையுறை வந்த சாயங்காலம் அதில் வியர்வை நாற்றம் குடலைப் பிடுங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு, இதைத் தொட்டால் கை அழுகிவிடும் என்று அலறி, தம்பி வீட்டுச் சமையல் மேசையில் அதை எறிந்துவிட்டுப் போனவர் அனியெல்லோ. மறுநாள் காலையில் சாந்து கரைத்தபோது அதில் சவுக்கார வாசனை அடித்தது. நன்றாக நினைவிருந்தது. இவ்வளவு காலமும் அது ஒரு ஓரத்தில் இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பிரித்தவன் யார், ஊற்றியவன் யார் என்றுதான் ஊரும் கேட்டது, அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். நடுவில் ஒரு ராத்திரி அது ஒரு பெண்ணின் சமையலறையில் கிடந்ததை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அவருக்கு முதலில் வந்தது வெறி. துவைத்தவள் அவள். மறித்தவள் அவள். அவளா தன்னைப் படியில் நிறுத்திப் பழியை ஏற்கச் சொன்னாள்? முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு படிக்கட்டிலும், ஒவ்வொரு சன்னலிலும் தலைகள். இரண்டு வரி போதும். சாகும்வரை அவளால் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

தம்பியின் சட்டையைப் பிடித்தபடியே எழுந்தார்.

"எர்மினியா!"

குதிரைகள்கூடக் காதை நிமிர்த்தின. மூன்றாம் மாடியில் கதவு திறந்து அவள் கைப்பிடிச் சுவர் அருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, சொல்லப் போறீங்களா?"

"சொல்லத்தான் போறேன்!"

"அங்கேருந்து கத்தாதீங்க. மேல வந்து சொல்லுங்க. பெட்டியில இருக்கறவருக்கும் கேக்கட்டும்."

கூட்டம் இப்போது அவருக்கு வழிவிட்டது. சட்டையை என்ன செய்வதென்று தெரியாமல், மடித்து மற்றத் துணிகளோடு வைக்கப் போனார். மடிக்கும்போதுதான் அது தோன்றியது. லிபோரியோ ஒவ்வொரு நாளும் காலையில் இதை நேராக்கித்தானே போட்டிருப்பான். கைக்குள் கையை விட்டு இழுத்து, நாள் தவறாமல். இடது எது, வலது எது என்பதிலேயே பிழைப்பு நடத்தியவன். அவனுக்கா தெரியாமல் இருந்திருக்கும்?

அந்த வேனிற்காலம் ஞாபகம் வந்தது. யார் சீண்டினாலும் வாயைத் திறக்காமல், தலை குனிந்து போன லிபோரியோ. ஊர் அவனைக் குற்றவாளி என்றபோதும் அவன் திரும்பி நின்று ஒரு பெயரைச் சொல்லவில்லை. மனைவி பெயரையும் சொல்லவில்லை, அண்ணன் பெயரையும் சொல்லவில்லை.

அனியெல்லோவுக்கு வந்தது பாசமில்லை, ஆத்திரம்தான். படுபாவி, என்னிடம் மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? குகைக்குள் அத்தனை ராத்திரிகள் கூப்பிடு தூரத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்? பின்னால் திரும்பி ஒரு வார்த்தை? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்துப் பார்த்தார். மதுக்கடைக்கு ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்லியிருப்பேன். இப்போதே மூச்சு வாங்க எழுந்து நின்றது அதற்குத்தானே. தம்பி அவரைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தான்.

மேலே ஏறினார். ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் அவர் முகத்தையே பார்த்தார். ஸ்பினெல்லியும் சீடர்களும் பின்னால் வந்தார்கள். வாசல் திறந்து கிடந்தது. நடுக்கூடத்தில் பெட்டியை மூடி ஆணி அடித்தாயிற்று. முகம் பார்க்க முடியாது. எர்மினியாவின் மகன் கார்மினே ஒரு பக்கம் நின்றிருந்தான்; மீன்காரன் தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மறுபக்கம்.

எர்மினியா இடுப்பில் கை வைத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த வீக்கத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவரையே குத்திக்கொண்டிருந்தன.

"ம்... சொல்லுங்க."

அனியெல்லோ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பலெர்மோ பிரபுவோட கையுறைய மறிச்சது நான்தான்," என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடியும், கீழே குதிரைக்காரனுக்கும் கேட்கும்படி சொன்னார். "நான்தான் மறிச்சேன். என் தம்பி இல்ல. தெரிஞ்சே இத்தன நாளா அவன் தலையில கட்டினேன்."

படிக்கட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்து கீழே இறங்கிப் போனது. "அடப்பாவி" என்று ஒரு பெண் சொன்னாள். யாரோ துப்பினார்கள். ஸ்பினெல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் என்னையுமில்ல முட்டாளாக்கினீங்க," என்றார் வாத்தியார். "இனிமே என் கூடத்துப் பக்கம் வராதீங்க, அனியெல்லோ." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீடர்களும் திருப்பிக்கொண்டார்கள். கடை இனி ஓடாது என்று அனியெல்லோவுக்குப் புரிந்தது.

எர்மினியாவின் முகத்தில் வெற்றி இல்லை. எதிர்பார்த்தது கிடைத்தவள் போலவே அவள் இல்லை. வாசலிலிருந்து விலகவும் இல்லை. அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொடியில துணி கெடந்துச்சே," என்றாள் மெதுவாக. அவருக்கு மட்டும்தான் கேட்டது. "யாரு எடுத்தா?"

"நுன்ஸியா எடுத்தா. நான் மடிச்சேன்."

"நீங்களா?"

"எல்லாத்தையும் நேராக்கி மடிச்சு வெச்சிருக்கேன்."

எர்மினியாவின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. அவள் விருட்டென்று திரும்பி உள்ளே போனாள். எங்கேயோ இழுப்பறை ஒன்று வேகமாகத் திறந்து மூடிய சத்தம். கனத்த துவாலை ஒன்றோடு திரும்பி வந்து, அதை நாலாக மடித்து அவருடைய தோளில் அறைவது போல வைத்தாள்.

"எலும்பும் தோலுமா இருக்கீங்க. பெட்டி குத்தும்." பிறகு மீன்காரன் பக்கம் திரும்பிச் சீறினாள். "நீ ஏன்டா அங்க நிக்கற? கால்மாட்டுக்குப் போ! சாமியார் கீழ காத்துக்கிட்டிருக்கார், தூக்குங்க!"

தூக்கினார்கள். கால்மாட்டுக்காரர்கள் முன்னால் இறங்க, தலைமாடு பின்னால் வந்தது. செங்குத்தான படி, பெட்டி முழுவதும் கீழ்ப்பக்கமாகச் சரிந்துகொண்டே போயிற்று. அது தன்னை விட்டு நழுவிவிடாதபடி அனியெல்லோ பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நெற்றி நரம்பு புடைத்தது. சன்னல்களில் யாரும் அவரைப் பார்த்துச் சிலுவை போடவில்லை. பெட்டிக்கு மட்டும் போட்டார்கள்.

முதல் திருப்பத்தில் எல்லோரும் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கினார்கள். கார்மினே எதிர்ப்பக்கத்திலிருந்து அவரைப் பார்த்தான். பல வருடங்களாகத் தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுகிறவன்.

"தோள் மாத்திக்கலாமா, பெரியப்பா? வேர்த்துக் கொட்டுது."

"இருக்கட்டும்," என்றார் அனியெல்லோ.